நான்கு துளையும் நாற்பத்தெட்டு மீட்டரும்

தவசிமுத்துவின் வயிற்றில் போடப்போகும் நான்கு துளைகளுக்கு அழைப்பிதழ் அச்சடித்திருந்தார்கள். வழுவழுப்பான அட்டை. மேலே இரண்டு குத்துவிளக்கு. நடுவில் தவசிமுத்துவின் முகம். வாக்காளர் அட்டைக்கு எடுத்த படத்தைப் பெரிதாக்கியதால், ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்ளத் தயாராகிவிட்டவர் போல இருந்தார். படத்தின் கீழே ‘முதல் பயனாளி’ என்றும், அதற்கும் கீழே ‘சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து சிறப்பிக்கவும்’ என்றும் போட்டிருந்தது.

அவர் மனைவி செல்லக்கனி அட்டையை இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தாள்.

“நம்ம கல்யாணப் பத்திரிகைகூட இம்புட்டு மினுமினுப்பா இல்லியே” என்றாள்.

“கல்யாணத்தப்ப எனக்கு இம்புட்டு பயமும் இல்லட்டி” என்றார் தவசிமுத்து.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவாக் கடையின் பின்கட்டில் இருபத்திரண்டு வருடமாகப் பால் கிண்டுகிறவர் அவர். ஆள் உயரத் துடுப்பு, புளியவிறகு அடுப்பு, இரும்புச் சட்டி. இதற்கு வெளியே அவருக்கு உலகத்தோடு பெரிய சகவாசம் கிடையாது. 1996ஆம் வருடம் மாசி மாதத்தில் ஒரு நாள் துடுப்பைப் பிடித்தபடியே சுருண்டு விழுந்தார். மேல்வயிற்றில் தொடங்கிய வலி முதுகைத் துளைத்துக்கொண்டு போனது. சில வாரம் கழித்து வயிற்றில் ஒரு மேடு தட்டுப்பட்டது. இரண்டு வாய் கஞ்சி குடித்தால் மூன்று வாய் வாந்தி. மதுரைக்குப் போய் ஸ்கேன் எடுத்ததில், கணையத்தை ஒட்டிச் சின்னத் தேங்காய் அளவுக்கு ஒரு நீர்க்கட்டி இருப்பதாகச் சொன்னார்கள். ஸ்கேன் படத்தோடு அவர்கள் வந்து சேர்ந்த இடம் ராஜபாளையத்தில் தென்பொதிகை நலவாழ்வு அறநிலைய மருத்துவமனை.

அங்கே சர்ஜன் டாக்டர் சேக் முகைதீன். சென்னையில் போய்ப் புதுமுறை ஆபரேசன் படித்துவிட்டு வந்தவர். மெதுவாகப் பேசுகிறவர். ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார்.

“கணையம்னா இரைப்பைக்குப் பின்னால ஒளிஞ்சு கிடக்கிற உறுப்பு, அண்ணாச்சி. அது புண்ணாகி, அதோட நீர் ஒரு பை மாதிரி தேங்கிட்டுது. அந்தப் பையையும் இரைப்பையையும் சேத்துத் தைச்சு நடுவுல ஒரு வாசல் வச்சிட்டா, நீர் தானா இரைப்பைக்குள்ள வடிஞ்சிரும். பழைய முறையில வயித்த ஒரு சாண் கீறணும். மூணு மாசம் நீங்க துடுப்பைத் தொட முடியாது. புது முறையில நாலு சின்னத் துளைதான். ஒண்ணுல காமிரா, மத்ததுல கருவி. டிவியைப் பாத்துக்கிட்டே உள்ள தைச்சிரலாம்.”

“வயித்துக்குள்ள இருட்டால்லா இருக்கும்?” என்றார் தவசிமுத்து.

“காமிராவோட விளக்கும் உண்டு. உள்ள கை அசையறதுக்கு இடம் வேணும்ல, அதுக்காகக் கொஞ்சம் கேஸ் அடைப்போம். சோடாவுல அடைக்கிற அதே கேஸ்தான்.”

“பொறவு ஏப்பமா வருமா டாக்டர்?” என்று செல்லக்கனி கேட்டாள்.

டாக்டர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பிலேயே அவளுக்குப் பாதி பயம் போயிற்று. சிரிக்கத் தெரிந்த டாக்டரை ஆண்டவன் எல்லோருக்கும் கொடுத்துவிடுவதில்லை.

டாக்டரின் மேசையில் ஒரு பால்கோவாப் பெட்டி இருந்தது. மூடியில் இரண்டு ஓட்டை. தவசிமுத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது எங்க கடைப் பெட்டி.”

“ஆமா. இது உள்ளதான் நான் தையல் பழகுதேன். கறிக்கடையில ஆட்டு இரைப்பை வாங்கி உள்ள வச்சு, மேல ஓட்டை வழியா நீளக் கருவியை விட்டு முடிச்சுப் போடணும். மொதல்ல ஒரு முடிச்சுக்கு இருபது நிமிசம் ஆச்சு. ரெண்டு வருசமா தினம் சாயங்காலம் போடுதேன். இப்ப ரெண்டே நிமிசம்.”

இருபத்திரண்டு வருடம் துடுப்புப் பிடித்தவருக்கு இது விளங்கியது. ஒரே காரியத்தைத் தினமும் செய்து கையைப் பழக்குகிற மனிதனிடம் வயிற்றைக் கொடுக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

“ஆனா ரொம்ப நாள் போடக் கூடாது” என்றார் டாக்டர். “பையோட சுவர் இப்பத்தான் தையல் தாங்குற அளவுக்குக் கெட்டியாயிருக்கு. இனிமே காய்ச்சல் வந்தா உள்ள சீழ் பிடிக்குதுன்னு அர்த்தம். பை உடைஞ்சா உசிருக்கே ஆபத்து. ரெண்டு வாரத்துக்குள்ள முடிச்சிருவோம்.”

டாக்டர் கையில் மட்டும் இருந்திருந்தால் இரண்டு நாளிலேயே முடிந்திருக்கும். ஆனால் மருத்துவமனையில் ஒரு குழு இருந்தது.

குழுவின் பெயர் ‘நுண்துளை அறுவை நுட்ப மேம்பாட்டுக் குழு’. மொத்தம் பதினோரு பேர். ராஜபாளையத்தைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் பேண்டேஜ் துணி நெய்கிற தறிச்சத்தம் கேட்கும். அதனால் அந்தத் தொழிலின் முதலாளிகள் ஒன்பது பேர் குழுவில் இருந்தார்கள். பத்தாமவர் ஜெனரேட்டர் விற்பவர். பதினோராவது இடம் மருத்துவர் ஒருவருக்கென்று ஒதுக்கப்பட்டு, தகுதியானவர் யார் என்று முடிவாகாததால் காலியாக இருந்தது. டாக்டர் சேக் முகைதீன் சிறப்பு அழைப்பாளர். யாராவது ஏதாவது கேட்டால் அவர் பேசலாம்.

தலைவர் வைகுண்டராஜ். இதைச் சொல்லியாக வேண்டும், மனிதர் கெட்டவர் இல்லை. ஏழைகளுக்கென்று பன்னிரண்டு இலவசக் கட்டில் போட்டு வைத்திருந்தார். ஆனால் பிறந்ததிலிருந்து எதையும் மீட்டரில் அளந்தே பழகியவர். மருத்துவமனையின் ஆண்டறிக்கையை அவரே எழுதுவார். ‘இவ்வாண்டு நாற்பத்தோராயிரம் மீட்டர் கட்டுத்துணி சுற்றப்பட்டது. சென்ற ஆண்டைவிட மூவாயிரம் மீட்டர் அதிகம்’ என்று அது தொடங்கும். எத்தனை பேருக்கு நோய் தீர்ந்தது என்று அதில் இருக்காது. அது கடவுள் கையில் இருப்பதால் அறிக்கையில் சேர்ப்பது முறையல்ல என்பது அவர் கருத்து.

முதல் கூட்டத்துக்குத் தவசிமுத்துவையும் கூப்பிட்டிருந்தார்கள். ‘பயனாளிகளின் பிரதிநிதி’ என்று மூலையில் ஒரு ஸ்டூல் போட்டிருந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். செயலாளர் பால்ச்சாமி உறுப்பினர் இல்லை, தாலுகா ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றுச் சம்பளத்துக்கு வந்தவர். கூட்டம் தொடங்குவதற்கு முன்பு, டாக்டர் விளக்கம் சொல்வதற்காகக் கொண்டுவந்து வைத்திருந்த பால்கோவாப் பெட்டி அவர் கண்ணில் பட்டது.

“பிரதிநிதி வெறுங்கையோட வரல” என்று மகிழ்ந்து மூடியைத் திறந்தார். உள்ளே ஆட்டு இரைப்பை நாற்பது முடிச்சுகளோடு கிடந்தது.

கூட்டம் கால்மணி நேரம் ஒத்திவைக்கப்பட்டது. மீண்டும் கூடியதும், இனிமேல் எந்தப் பெட்டியிலும் உள்ளே இருக்கும் பொருளின் பெயரை மூன்று மொழிகளில் எழுத வேண்டும் என்று முதல் தீர்மானம் நிறைவேறியது. அதன்பின் டாக்டர் புதுமுறையை விளக்கினார். இரைப்பைக்குப் பின்னால் போவது எவ்வளவு கடினம், உள்ளே தையல் போடுவதை இன்னும் எப்படிச் செம்மையாக்கலாம் என்றெல்லாம் சொன்னார். தலைவர் பொறுமையாகக் கேட்டார்.

“எல்லாம் சரி. ஒரு ஆபரேசனுக்கு எத்தனை மீட்டர் பிடிக்கும்?”

“மீட்டர்லாம் இல்லங்க. நாலு துளைக்கும் நாலு துண்டு பிளாஸ்திரி. விரல் நக அளவு.”

தலைவர் எழுந்து நின்றார்.

“டாக்டர் தம்பி, நீங்க படிச்சவரு. நான் துணிக்காரன். ஆனா ஒண்ணு சொல்லுதேன். ஒரு மனுசன் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வீட்டுக்கு வாரான். தெருவுல நாலு பேரு பாக்கான். மேல ஒரு கட்டு இல்ல. என்ன நினைப்பான்? ஆஸ்பத்திரில ஒண்ணுமே செய்யலன்னு நினைப்பான். உள்ள நடந்ததை யாரு பாத்தா? ஊரு பாக்கது கட்டைத்தான். எங்கப்பா காலத்துல இங்கருந்து போற ஒவ்வொருத்தனும் வண்டியில ஏறும்போது நூல் சுத்துன தறிக்கட்டை கணக்கா இருப்பான். கால்ல முள்ளு எடுத்தவனுக்கே நாலு மீட்டர் போட்டு அனுப்புன ஆஸ்பத்திரி இது. அந்தப் பேரை நீங்க நக அளவுக்குக் கொண்டாறேங்கிறீங்க.”

“காயம் சின்னதா இருக்கதுதாங்க இதுல உள்ள முன்னேற்றமே.”

“காயம் சின்னதா இருக்கட்டும் தம்பி. அதை நாங்க தடுக்கல. கட்டு எதுக்குச் சின்னதாகணும்?”

உறுப்பினர்கள் மேசையைத் தட்டினார்கள். ஒருவர், நான்கு துளைக்குப் பதிலாக எட்டுத் துளை போட்டால் என்ன என்று கேட்டார். அது வயிறு, சல்லடை இல்லை என்று டாக்டர் பணிவாகச் சொன்னார். முடிவில், துளை ஒன்றுக்குப் பன்னிரண்டு மீட்டர் வீதம் நாற்பத்தெட்டு மீட்டர் கட்டு என்று நுட்பம் மேம்படுத்தப்பட்டது. டாக்டர் தலையாட்டினார். ஆபரேசன் நடந்தால் போதும் என்று இருந்தது அவருக்கு.

“பயனாளி என்ன சொல்லுதாரு?” என்று செயலாளர் கேட்டார்.

“எனக்கு ஒரு வாய்ச் சோறு உள்ள தங்குனாப் போதும்யா” என்றார் தவசிமுத்து.

‘பயனாளி மகிழ்ச்சியுடன் வழிமொழிந்தார்’ என்று குறிப்பேட்டில் ஏறியது. எல்லோருக்கும் வெங்காய போண்டா வந்தது. தலைவர் ஒன்றைத் தின்றுவிட்டு, வலது விலாவுக்குக் கீழே கையை வைத்து அழுத்திக்கொண்டு சோடா கேட்டார். மூலையில் ஸ்டூலில் இருந்தவர் மட்டும் அதைக் கவனித்தார். வயிற்றுவலிக்காரன் கண்ணுக்கு வயிற்றுவலிக்காரன் தெரிவான்.

புது காமிரா மிசினையும் புது ஆபரேசன் தியேட்டரையும் திறந்துவைக்க ஒரு வாரியத்தலைவரை அழைப்பது என்று முடிவாகியிருந்தது. எந்த வாரியம் என்பது அழைப்பிதழ் அச்சாகும்வரை யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை, அதனால் வெறுமனே ‘வாரியத்தலைவர்’ என்றே போட்டார்கள். ரிப்பன் வெட்டியதும் ஆபரேசன். அது டிவி வழியாகக் கூட்ட அரங்கில் எல்லோருக்கும் காட்டப்படும். முதலில் குறித்த தேதியில் வாரியத்தலைவர் ஒரு திருமணத்துக்குப் போக வேண்டியிருந்தது. இரண்டாவதாகக் குறித்த நாள் அஷ்டமி. மூன்றாவதாக ஒரு வெள்ளிக்கிழமை குறிக்கப்பட்டது. இதற்குள் டாக்டர் சொன்ன இரண்டு வாரம் கழிந்து ஐந்து நாள் ஆகியிருந்தது.

இடையில் ஒத்திகை நடந்தது. திங்கட்கிழமை காலையில் நான்கு தறிக்காரர்கள் தவசிமுத்துவைச் சேர்த்திருந்த வார்டுக்கு வந்து, ஆபரேசனுக்குப் பிந்திய படம் என்று பத்திரிகைக்குக் கொடுப்பதற்காக, அவரை நிற்கவைத்து நாற்பத்தெட்டு மீட்டரையும் சுற்றினார்கள். வயிற்றுக்குப் பதினைந்து மீட்டருக்கு மேல் தாங்கவில்லை. மிச்சத்தை நெஞ்சுக்கு ஏற்றி, தோளுக்கு விட்டு, தொடைவரை இறக்கினார்கள். படம் எடுத்தவர் சிரிக்கச் சொன்னார்.

அந்த நேரம் பார்த்துச் சுந்தரபாண்டியத்தில் இருந்து தவசிமுத்துவின் அக்கா வெள்ளத்தாய் ஆரஞ்சுப் பழத்தோடு உள்ளே வந்தாள். தம்பியைப் பார்த்ததும் பழம் கையிலிருந்து உருண்டது.

“ஏட்டி செல்லக்கனி, அடுப்புல விழுந்துட்டானா? எங்கிட்ட ஏன் மறைச்ச?”

“ஒண்ணுமில்ல மதினி, ஆபரேசன் கட்டு.”

“முடிஞ்சிட்டா?”

“இன்னும் ஆரம்பிக்கல.”

வெள்ளத்தாய் உருண்ட பழங்களைப் பொறுக்கினாள். “இதுக்கே இம்புட்டுன்னா, ஆரம்பிச்சா ஊரையே சுத்திருவாவ போலிருக்கே” என்றாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தவசிமுத்துவுக்கு உடம்பு நடுங்கியது. புதன்கிழமை காலையில் காய்ச்சல் நூற்றிரண்டைத் தொட்டது. சிஸ்டர் பரிபூரணம் வெப்பமானியைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் டாக்டரைக் கூப்பிடப் போனாள். அந்த ஆஸ்பத்திரியில் பதினெட்டு வருடமாக இருக்கிறவள் அவள். அவள் பேசாமல் போனால் விஷயம் பெரிது என்று வார்டில் எல்லோருக்கும் தெரியும். செல்லக்கனி முந்தானையில் ஒரு ரூபாயை முடிந்து, இருக்கன்குடி அம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்துகொண்டாள்.

டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். “இன்னைக்கே செய்யணும்.”

குழு முழுவதும் அன்று பிளவக்கல் அணைப் பக்கம் ஒரு விடுதியில், விழா ஏற்பாடுகளின் இறுதிப் பரிசீலனைக்காகக் கூடியிருந்தது. டாக்டர் வார்டு மேசையில் இருந்தே போன் போட்டார். போனின் மறுமுனையில் செயலாளர் பேசியது ஸ்ட்ரெச்சரில் கிடந்த தவசிமுத்துவுக்கும் கேட்டது. செயலாளர் எப்போதும் போனை நம்பாமல் நேராக ஊருக்கே கேட்கும்படி பேசுகிறவர்.

“காய்ச்சலா? அப்ப வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாயிருமா? வாரியத்தலைவர் உறுதி சொல்லிட்டாரே.”

“வெள்ளிக்கிழமைவரை பொறுக்க முடியாதுங்க. தலைவர்ட்ட ஒரு வார்த்தை கேக்கணும்.”

“உங்க கோரிக்கையை மூணாவது பொருளா சேத்துக்கிடுதோம். இப்ப மொதல் பொருள் போய்க்கிட்டிருக்கு.”

“மொதல் பொருள் என்னதுங்க?”

“மதியச் சாப்பாடு.”

டாக்டர் போனை வைத்தார். பழைய தியேட்டர் இருக்கிறது. ஒரு சாண் கீறிச் செய்யலாம். ஆனால் இருபது கிலோ இளைத்து, காய்ச்சலில் கிடக்கிற உடம்பு அதைத் தாங்குமா என்று அவருக்குச் சந்தேகம். காமிராவும் மிசினும் புது தியேட்டரில் இருந்தன. மயக்க மருந்து டாக்டர் மிசினைச் சரிபார்க்க அன்று மதுரையிலிருந்து வந்திருந்தார். புது தியேட்டரில் எல்லாம் தயாராக இருந்தது. வாசலில் ரிப்பன் மட்டும் கட்டியிருந்தது.

நான்கு இஞ்ச் அகலப் பேண்டேஜ் துணியை மஞ்சளில் முக்கி, வாசலின் குறுக்கே நெஞ்சு உயரத்தில் கட்டியிருந்தார்கள். பக்கத்தில் செயலாளர் கையெழுத்தோடு ஒரு தாள். ‘இந்த ரிப்பனை விழாவிற்கு முன் எவரும் வெட்டவோ, அவிழ்க்கவோ, தொடவோ கூடாது. மீறுவோர் வேலையில் நீடிக்க இயலாது.’ கதவில் பூட்டு இல்லை. ரிப்பன் இருக்கையில் பூட்டு எதற்கு என்பது செயலாளரின் நம்பிக்கை.

டாக்டர் அந்தத் தாளின் முன் நின்றார். அவருக்குப் பெண்டு பிள்ளை உண்டு. பரிபூரணத்துக்கு ஓய்வு பெற ஏழு வருடம் இருந்தது. ஸ்ட்ரெச்சரில் கிடந்தவர் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார். தன் வயிற்றுக்காக இன்னொருத்தர் வயிற்றில் அடிப்பதா என்று அவருக்குக் கூச்சமாக இருந்தது.

“வேண்டாம் டாக்டரய்யா. வெள்ளிக்கிழமை பாத்துக்கிடலாம். நான் தாங்கிக்கிடுதேன்” என்றார். சொல்லும்போதே பல் தந்தியடித்தது.

பரிபூரணம் தாளை இரண்டாம் தடவை வாசித்தாள்.

“வெட்டக் கூடாது, அவுக்கக் கூடாது, தொடக் கூடாதுன்னுதான் போட்டிருக்கு. குனியக் கூடாதுன்னு போடலியே சார்.”

டாக்டர் அவளைப் பார்த்தார். பிறகு ரிப்பனைப் பார்த்தார். ஸ்ட்ரெச்சர் இடுப்பு உயரம்தான்.

அவர் உதட்டுக்குள் பிஸ்மில்லா சொல்லிக்கொண்டு முதலில் குனிந்தார். மயக்க டாக்டர் உயரமானவர், முழங்கால் போட்டுப் போனார். பரிபூரணம் சிலுவைக்குறி போட்டுக்கொண்டு ஸ்ட்ரெச்சரைத் தள்ளினாள். மஞ்சள் துணி தன் முகத்துக்கு ஒரு சாண் மேலே கடந்து போவதைத் தவசிமுத்து மல்லாந்தபடி பார்த்தார். ஏதோ கோயில் நடை மாதிரி இருக்கிறதே என்று நினைத்தார். அதற்குமேல் அன்று அவருக்கு ஒன்றும் நினைவில்லை.

சாயங்காலம் கண் விழித்தபோது வயிற்றில் நான்கு துண்டு பிளாஸ்திரி இருந்தது. மறுநாள் காலை காய்ச்சல் இறங்கியது. மத்தியானம் அரை டம்ளர் கஞ்சித் தண்ணீர் குடித்தார். அது உள்ளேயே தங்கியது. செல்லக்கனி அந்த டம்ளரைக் கழுவாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள்.

நடந்ததைத் தலைவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று டாக்டர் வியாழக்கிழமையே போனார். தலைவர் கண்ணாடி முன் நின்று விழா உரையைப் பழகிக்கொண்டிருந்தாராம். டாக்டர் மூன்று முறை வாயைத் திறந்தார். மூன்று முறையும், பாராட்டுகளை நாளை மேடையில் வைத்துக்கொள்ளலாம் என்று தலைவர் கையமர்த்திவிட்டார். இதைப் பரிபூரணம் வந்து தவசிமுத்துவிடம் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை வாரியத்தலைவர் இரண்டு மணி நேரம் தாமதமாக வந்து ரிப்பன் வெட்டினார். டாக்டர் தியேட்டருக்குள் போனார். அரங்கில் நானூறு பேர். மேடையில் பெரிய டிவி. டாக்டரின் குரல் ஒலிபெருக்கியில் வந்தது.

“இது ஸ்ரீவில்லிபுத்தூர் தவசிமுத்துவோட கணைய ஆபரேசன். நல்லபடியா அமைஞ்சது ஆண்டவன் கிருபை.”

அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. அதற்குப் பிறகு அவர் புதன்கிழமை ஆபரேசனின்போது எடுத்த வீடியோ கேசட்டை ஓடவிட்டார்.

நன்றாக நடக்க வேண்டும், நடந்தால்தான் வாயு இறங்கும் என்று பரிபூரணம் தவசிமுத்துவிடம் சொல்லியிருந்தாள். அவர் சொன்னால் கேட்கிறவர். வார்டைச் சுற்றினார், தாழ்வாரத்தைச் சுற்றினார், கைதட்டல் கேட்ட பக்கம் நடந்து, அரங்கின் கடைசி வரிசையில் ஒரு நாற்காலியில் களைப்பாறினார். பக்கத்தில் தளவாய்புரத்துக்காரர் ஒருவர் போண்டா தின்றுகொண்டிருந்தார்.

“எவனோ பாவப்பட்டவன். உள்ள என்ன வெளிச்சமா தெரியுது பாத்தீரா?” என்றார் அவர்.

தவசிமுத்து பார்த்தார். இளஞ்சிவப்பாக, ஈரமாக, சுண்டக் காய்ச்சிய பாலின் மேல் ஏடு படிவதுபோல ஒரு சவ்வு மினுங்கியது. இரண்டு மெல்லிய கருவிகள் வந்து அவசரமில்லாமல் ஒரு முடிச்சுப் போட்டன. இன்னொன்று. இன்னொன்று. நாற்பத்தாறு வருடம் தன்னோடு இருந்த இடத்தை அவர் முதல்முறையாகப் பார்க்கிறார். இத்தனை அழகாகச் செய்துவைத்தவன் ஒருத்தன், அது பழுதானபோது தைக்க, பெட்டி இருட்டில் கைபழகியவன் இன்னொருத்தன். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

தலைவர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

“பெரியோர்களே, தாய்மார்களே. இந்த நொடியில், இந்தச் சுவருக்குப் பின்னால், நினைவில்லாமல் கிடக்கிறார் நம் தவசிமுத்து. குழுவின் அயராத உழைப்பால் மேம்படுத்தப்பட்ட நுட்பம் அவர் வயிற்றில் இறங்கிக்கொண்டிருக்கிறது. அவருடைய துணைவியார் எழுந்து நின்று சபைக்கு ஒரு வணக்கம் சொல்ல வேண்டும்.”

முதல் வரிசையில் இருந்த செல்லக்கனி எழுந்து கும்பிட்டாள். பொய் சொல்லிப் பழகாதவள்.

“அவியளும் வந்திருக்காவய்யா. பின்னால உக்காந்திருக்காவ.”

நானூறு தலைகளும் திரும்பின. பெரியவர்கள் பார்க்கும்போது உட்கார்ந்திருப்பது மரியாதை இல்லை என்று தவசிமுத்து எழுந்து கைகூப்பினார். தளவாய்புரத்துக்காரர் போண்டாவை வாயில் வைத்தபடி நாற்காலியை ஓரடி நகர்த்திக்கொண்டார்.

“அப்போ டிவியில யாரு?” என்று வாரியத்தலைவர் கேட்டார்.

“நாந்தாங்கய்யா” என்றார் தவசிமுத்து.

திரையில் அவர் இரைப்பைக்குப் பன்னிரண்டாவது தையல் விழுந்தது. தலைவர் அரை நிமிடம் பேசவில்லை. முப்பது வருடம் தலைவராக இருந்தவருக்கு அரை நிமிடம் போதும்.

“பார்த்தீர்களா? இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். பழைய முறையில் ஆபரேசன் முடிந்து பத்து நாள் கழித்து நோயாளி எழுவார். நம் குழு மேம்படுத்திய முறையில், ஆபரேசன் முடிவதற்கு முன்பே எழுந்து வந்துவிடுகிறார்.”

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. வாரியத்தலைவர் தன் வாரியத்திலும் இந்த முறையைப் புகுத்துவதாக அறிவித்தார். பிறகு தவசிமுத்துவை மேடைக்கு அழைத்து, எல்லோரும் பார்க்க, நாற்பத்தெட்டு மீட்டரையும் சுற்றினார்கள். இந்த முறை அவர் கேட்காமலே கையைத் தூக்கிக்கொண்டு மெதுவாகச் சுழன்று கொடுத்தார். முடிச்சுப் போடும் சாக்கில் பரிபூரணம் உள்ளே இரண்டு விரல் விட்டு, வயிற்றில் இறுகாமல் பார்த்துக்கொண்டாள்.

டாக்டருக்கும் சிஸ்டருக்கும் வேலை போகவில்லை. ரிப்பன் முழுசாகத்தானே இருந்தது.

ஆவணி மாதம் ஒரு காலையில் கடை வாசலில் கார் வந்து நின்றது. தலைவர் தனியாக இறங்கினார். நேராகப் பின்கட்டுக்கே வந்து, அடுப்புப் பக்கம் கிடந்த பலகையில் உட்கார்ந்தார். தவசிமுத்து துடுப்பைச் சாத்திவிட்டு, வாழையிலைத் துண்டில் சூடாக ஒரு கரண்டி வைத்துக் கொடுத்தார்.

“நல்லாருக்கு. தூசி துரும்பு இல்லாம என்னமா இருக்கு. பாலை எதுல வடிகட்டுதீரு?”

“நீங்க சுத்தி அனுப்புன துணிதான் மொதலாளி. வெந்நியில அலசி நாலா மடிச்சா ஒண்ணும் தங்காது.”

“நாப்பத்தெட்டு மீட்டரும் உபயோகத்துல இருக்கா?”

“இருக்கு மொதலாளி.”

தலைவர் திருப்தியாகத் தலையசைத்தார். ஆனால் எழுந்திருக்கவில்லை. கடைப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“வே, அந்தத் துளையைக் காட்டும்.”

தவசிமுத்து பனியனைத் தூக்கினார். தலைவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து தேடினார். ஒன்று, இரண்டு, மூன்று என்று விரல் வைத்தார்.

“நாலாவது எங்க?”

“எனக்கே தெரியல மொதலாளி.”

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். கை தானாக வலது விலாவுக்குப் போயிற்று.

“எனக்குப் பித்தப்பையில கல்லு. நாலு வருசமாச்சு. கத்தின்னா பயம்யா. வீட்டுலகூடச் சொல்லல.”

தவசிமுத்துவுக்கு அன்றைய ஸ்டூலும் சோடாவும் நினைவுக்கு வந்தன. சிரிக்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அந்த மனிதரின் கை இன்னும் விலாவை விடாமல் இருப்பதைப் பார்த்தார். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

“டாக்டரய்யா கை நல்ல கை மொதலாளி. பயப்படாதீய. நானும் கூட வாரேன்.”

“விழா வேண்டாம். பத்திரிகை வேண்டாம்.”

“சரி.”

“புதங்கிழமை மத்தியானம் போனா யாரும் இருக்க மாட்டாவளாமே” என்றார் தலைவர், அடுப்பைப் பார்த்தபடி.

தவசிமுத்து துடுப்பை எடுத்துச் சட்டியில் ஒரு சுற்றுக் கிண்டினார். ஒன்றே ஒன்றைக் கேட்டார். குத்திக்காட்டக் கேட்கவில்லை, முறை தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

“உங்களுக்கும் நாப்பத்தெட்டு மீட்டரும் சுத்துவாவளா மொதலாளி?”

தலைவர் வாழையிலைத் துண்டை மடித்து அடுப்பில் போட்டார்.

“நாலு துண்டு பிளாஸ்திரி போதும்யா” என்றார்.

இதைத் தவசிமுத்து யாரிடமும் சொல்லவில்லை, செல்லக்கனியிடம்கூட. அடுத்த புதன்கிழமை பஸ் ஏறி ராஜபாளையத்துக்குப் போனார். தியேட்டர் வாசலில், தியேட்டருக்கென்று வாங்கிய புது ஜெனரேட்டரின் திறப்புவிழாவுக்காக இன்னொரு மஞ்சள் ரிப்பன் நெஞ்சு உயரத்தில் கட்டியிருந்தது. பக்கத்தில் தாளும் இருந்தது. தலைவர் அதன் முன் நின்று, தன் குழுவின் பெயரில் செயலாளர் போட்டிருந்த உத்தரவை முதல்முறையாக முழுவதும் வாசித்தார். பரிபூரணம் முன்னால் போய், குனிந்து காட்டினாள்.

தலைவரும் குனிந்தார்.

வெளியே பெஞ்சில், அவருடைய மூக்குக்கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டு தவசிமுத்து காத்திருந்தார்.